அங்கி போடாத சாத்தான் கும்பல்

நேயர்களுக்கு வணக்கம்.

சாத்தானைக் கும்பிடும் ரகசியக் கும்பல் என்றதும் கறுப்பு அங்கி, மெழுகுவர்த்தி, பலிபீடம், புரியாத மந்திரம் என்று ஒரு பட்டியலே மனதில் ஓடும். 1943-இல் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ எடுத்த ‘தி செவன்த் விக்டிம்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த மாதிரி எதுவும் இல்லை. அதில் வரும் கும்பல் நன்றாக உடுத்திக்கொண்டு, வரவேற்பறையில் உட்கார்ந்து, குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த கும்பல் படங்களிலேயே என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

படத்தைத் தயாரித்தவர் வால் லூட்டன். திகில் படம் எடுக்க ஸ்டூடியோ அவரை உட்காரவைத்தபோது கறாரான நிபந்தனைகள் போட்டது. செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, ஓட்டம் 75 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், தலைப்பை மேலிடமே கொடுக்கும். தலைப்பு கைக்கு வந்த பிறகுதான் கதை! அதனால் இருக்கிற செட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படி வரும். சின்னப் படத்துக்கு இவ்வளவு பெரிய படிக்கட்டா என்று தோன்றும். அது இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான தன் படத்துக்காகப் போட்ட செட். இயக்குநர் மார்க் ராப்சன் அதுவரை படத்தொகுப்பாளராக இருந்தவர், இதுதான் அவருக்கு முதல் படம். கதாநாயகியாக வரும் கிம் ஹண்டருக்கும் இதுவே முதல் படம்.

கதை எளிது. நியூயார்க்கில் அக்கா காணாமல்போகிறாள், தங்கை தேடிவருகிறாள். அக்கா ஓர் உணவகத்தின் மாடியில் அறை எடுத்திருந்தாள் என்று தெரிகிறது. பூட்டைத் திறந்து பார்த்தால் கட்டில் இல்லை, மேசை இல்லை. ஒரு நாற்காலி, அதற்கு மேலே தொங்கும் தூக்குக்கயிறு, அவ்வளவுதான். இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஆனால் அதற்குப் பிறகு படம் முழுக்க அந்த நாற்காலி நம் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

அப்புறம் அந்தக் குளியலறைக் காட்சி. தங்கை குளித்துக்கொண்டிருக்கிறாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தொப்பி வைத்த ஒரு பெண்ணின் நிழல் வந்து நிற்கிறது. கத்தி இல்லை, அலறல் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய்விடு என்று நிழல் நிதானமாகப் புத்தி சொல்கிறது. குளியலறைக் கொலைக்குப் பேர்போன ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ வருவதற்கு 17 ஆண்டுகள் முன்பு எடுத்தது இது.

இந்தக் கும்பலுக்கு ஒரு வினோதமான விதி உண்டு. வன்முறை கூடாது. ஆனால் ரகசியத்தை வெளியே சொன்னவர் சாகவும் வேண்டும். ஆகவே, கும்பலில் சேர்ந்திருந்து பிறகு அதைக் காட்டிக்கொடுத்த அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஒரு கண்ணாடிக் கோப்பையில் விஷத்தை வைக்கிறார்கள். யாரும் அவளைத் தொடுவதில்லை. சுற்றி உட்கார்ந்து, குடித்துவிடு, எப்படியும் சாகத்தானே ஆசைப்பட்டாய் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நேரம் போகிறது. அலுப்புத்தட்டிய உறவினர்களைப் போல விடாமல் சொல்கிறார்கள். மனிதர்களை ஒரு கும்பல் எப்படி வழிக்குக் கொண்டுவருகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான காட்சியை நான் பார்த்ததில்லை. கூடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னால், மறுப்பவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. இங்கே சாத்தானின் சின்னமென்று ஓர் ஆட்டுத்தலையைக் கொண்டுவந்து மாட்டியிருந்தால் காட்சி அப்போதே செத்திருக்கும்.

குறை இல்லாத படம் என்று சொல்லவரவில்லை. எடுத்த காட்சிகள் சில கடைசியில் வெட்டப்பட்டதால், யார் எதற்கு எங்கே போகிறார்கள் என்று நடுவில் குழப்பமாக இருக்கும். லூட்டனின் முந்தைய படம் ஒன்றில் செத்துப்போன மனநல மருத்துவர் அதே பெயரில், அதே நடிகராக இதில் நடமாடுகிறார். விளக்கம் கிடையாது, சரி என்று விட்டுவிட வேண்டியதுதான். கும்பலுக்கு இரண்டு பேர் ஜெபம் சொல்லிப் புத்திமதி கூறும் இடம் எனக்குச் சப்பென்று இருந்தது. அவ்வளவு நேரம் நம்மை நம்பிய படம், திடீரென்று மேடை ஏறிவிடுகிறது.

மொத்தம் 71 நிமிடம்தான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: படம் முடியப்போகிறது என்று கடைசி நிமிடத்தில் ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். அந்த முடிவு திரையில் தெரியாது, காதில்தான் விழும். வணக்கம்.