கடைசித் தையலை முதலில் பிரி

நேயர்களுக்கு வணக்கம்.

வேதியியல் ஆராய்ச்சியில் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு தையற்கடையில் தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா பிளவுஸ் தைப்பவர். வெளியூரில் வாங்கிய பிளவுஸ் ஒன்றை யாராவது ஓர் அம்மா கொண்டுவந்து, "இதே மாதிரி வேணும், ஆனா இதைப் பிரிச்சிடாதீங்க" என்பார். அப்பா அதை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மேசையில் போட்டு, தையல்களை விரலால் தடவிக்கொண்டே போவார். கொக்கி கடைசியாக வைத்தது. அதற்கு முன்னால் கீழ் மடிப்பு. அதற்கும் முன்னால் பக்கவாட்டுத் தையல். அதற்கும் முன்னால் கை. இப்படிப் பின்னோக்கிப் போனால் முன் துண்டு, பின் துண்டு, இரண்டு கை, ஒரு பட்டி மிஞ்சும். எல்லாமே கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் துணியிலிருந்து வெட்டக்கூடியவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருப்பேன். "கடைசித் தையலை முதல்ல பிரிடா" என்பார்.

பின்னால் கல்லூரியில் கரிம வேதியியல் படித்தபோது, இதே வேலையை ஒருவர் மூலக்கூறுகளுக்குச் செய்து காட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. எலியாஸ் ஜேம்ஸ் கோரி. 1928-இல் அமெரிக்காவின் மெத்யூன் என்ற ஊரில், லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். ஒன்றரை வயதில் தந்தையை இழந்தார். பிறந்தபோது வைத்த பெயர் வில்லியம். தந்தை போனபின் அம்மா தந்தையின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார். 27 வயதில் இல்லினாய்ஸில் பேராசிரியர், 1959-இல் ஹார்வர்ட்.

அவர் சொன்ன முறை இதுதான். ஒரு மூலக்கூற்றைச் செய்ய வேண்டுமா? கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்காதே. முடிந்த பொருளை எடுத்து வை. கடைசியாகச் சேர்ந்த பிணைப்பு எதுவாக இருக்கும்? அதை மனத்தில் பிரி. வந்த துண்டுகளை மறுபடி பிரி. கடையில் வாங்கக்கூடிய சரக்கு வரும்வரை பிரித்துக்கொண்டே போ.

வானொலியில் படம் போட முடியாது. உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு ஓரத்தில் வினிகர் குடும்பத்தைச் சேர்ந்த சின்னத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதுதான் கடைசித் தையல். பிரித்தால் அமினோஃபீனால் என்ற பொருள் கிடைக்கும். அதையும் ஒரு படி பின்னால் கொண்டுபோனால் ஒரு நைட்ரோ சேர்மம். அது கடையில் கிடைக்கும், வேலை முடிந்தது. பாரசிட்டமாலுக்கு இரண்டே தையல். இருபது முப்பது தையல் போட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் எதைப் பிரிப்பது என்று பத்துப் பன்னிரண்டு வழி இருந்தால் கணக்கு எங்கே போகும் பாருங்கள்.

இப்படிக் கிளைக்கிற கணக்குதானே கணினிக்கு வேலை? கோரிக்கு அது 1960களிலேயே தோன்றியிருக்கிறது. டாட் விப்கே என்பவரோடு சேர்ந்து 1969-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். வேதியியலாளர் ஒரு பலகையில் மின்பேனாவால் மூலக்கூற்றை வரைவார், கணினி அதைப் பிரிக்கும் வழிகளைத் திரையில் காட்டும். 1969-இல்! நம் ஊரில் அப்போது டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். அடுத்து வந்த நிரலுக்கு லாசா என்று பெயர். திபெத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்தன. 1990-இல் கோரிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லாசாவுக்குள் இருந்தவை மனிதர்கள் எழுதிக்கொடுத்த விதிகள். அப்பா எனக்குச் சொன்ன மாதிரி, இங்கே பிரி, அங்கே பிரிக்காதே. இன்றைய முறை வேறு. இலட்சக்கணக்கான பழைய வேதிவினைகளைக் கணினியில் கொட்டி, நீயே கற்றுக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். சரி, அது எதைப் படித்துக் கற்கும்? அச்சில் வந்ததை. அச்சில் எது வரும்? வெற்றி பெற்றது மட்டும்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். தெரிந்தவர்கள் ஆரம்பித்துவிட்டான் என்பார்கள், பரவாயில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வினையை இரவு முழுக்கக் கலக்க விட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் குடுவையில் தார். சாலை போடுகிற தாரேதான், கலக்குகிற காந்தத் துண்டு அதில் சிக்கி நின்றிருந்தது. கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் புள்ளி புள்ளியாகப் பிரிய வேண்டியது, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்திருந்தது. நோட்டில் நான் எழுதியது ஒரே வார்த்தை: சரிவரவில்லை. எத்தனை டிகிரி, எந்தக் கரைப்பான், ஈரம் புகுந்ததா, ஒன்றும் எழுதவில்லை. அடுத்த மாதம் பக்கத்து மேசைக்காரர் அதே தாரை மறுபடி செய்தார்.

வருஷங்கள் கழித்து, எந்த வினை ஓடும் எந்த வினை ஓடாது என்று சொல்லும் ஒரு நிரலை நாங்களே எழுதப் பார்த்தோம். ஓடாத வினைகள் வேண்டுமே, பழைய நோட்டுகளைத் தேடிப் போனேன். கட்டடம் மாறியபோது எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்தவர் நிஜமான குழப்பத்தோடு கேட்டார்: "சக்ஸஸ் ஆனதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கே சார், இது எதுக்கு?"

எதற்கு என்று சொல்கிறேன். பென்சில்வேனியாவில் ஹாவர்ஃபோர்ட் என்று ஒரு சின்னக் கல்லூரி. அங்கே பழைய நோட்டுகளில் கிடந்த தோல்விகளையும் சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு புதிய வெனேடியம் படிகங்கள் செய்ய வழி கேட்டார்கள். கணினி சொன்ன வழிகளில் 89 சதவீதம் பலித்தன. அனுபவசாலிகள் தங்கள் ஊகத்தில் செய்தவற்றில் 78 சதவீதம். 2016-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. குப்பை என்று ஒதுக்கிய பக்கங்களைச் சேர்த்துக்கொண்டு வந்த கணக்கு இது!

இன்னொன்று. 2018-இல் ஜெர்மனியின் மார்வின் செக்லர் குழு ஒரு நிரல் செய்தது. 1.24 கோடி வினைகளைப் படித்த நிரல். அது சொன்ன வழி எது, மனிதர்கள் செய்த வழி எது என்று மறைத்து வேதியியலாளர்கள் 45 பேரிடம் காட்டினார்கள். ஒன்றைவிட ஒன்று மேல் என்று அவர்கள் சொல்லவில்லை. பிரமாதம்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தோற்ற வினைகள் எங்கும் அச்சில் இல்லாததால், இவை நடக்காது என்று தாங்களாகவே ஊகித்து, கோடிக்கணக்கில் தோல்விகளை உருவாக்கிக் கணினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான தோல்விகள் உலகமெங்கும் நோட்டுகளில் எழுதி மூடிக் கிடக்கின்றன, இவர்கள் பொய்த் தோல்வி செய்துகொண்டிருக்கிறார்கள்! என் தார் அவர்களுக்கு உதவியிருக்கும். டிகிரியை மட்டும் எழுதியிருந்தால்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம். புரதங்களின் வடிவத்தைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். 2024-இல் வேதியியல் நோபலின் ஒரு பாதி அதற்காக ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும், மறு பாதி புதுப் புரதங்களை வடிவமைத்த பேக்கருக்கும். ஆல்ஃபாஃபோல்டுக்குப் படிக்க, பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சேர்த்து வைத்த புரத வடிவங்கள் இருந்தன. எங்களுக்கு அப்படி ஒரு பொதுக் களஞ்சியம்... சரி, விளக்கு சிவப்பாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் யாருடைய ஆய்வக நோட்டாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வணக்கம்.