முதலில் டிரைபாட், அப்புறம் கேமரா

நேயர்களுக்கு வணக்கம். மலை, கடல், வயல், கண்மாய் என்று இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்ன வாங்கலாம், எங்கே, எப்போது போகலாம் என்பது பற்றி இந்த வானொலி நிகழ்ச்சியில் பேச அழைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என் தோளில் தொங்கும் பையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "சார், எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். "டிரைபாட் வச்சிருக்கீங்களா?" என்று, கேமராவை மாட்டி நிறுத்தும் அந்த முக்காலியைப் பற்றி நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். கேமரா வாங்கினால் நாலு பேரிடம் காட்டலாம். முக்காலியை யாரிடம் காட்டுவது?

ஆனாலும் திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்வேன். இன்றைக்கும் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல காட்சி கிடைக்கும் நேரம் எது? விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பொழுது சாய்ந்து கொஞ்சம் பின்னால். அந்த வெளிச்சத்தில் ஒளியை உள்ளே விடும் கேமராவின் திரை, அதாவது ஷட்டர், அரை விநாடி, ஒரு விநாடி என்று திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் யாருக்கும் கை ஆடாமல் இருக்காது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஏற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள். ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். டிரைபாடில் வைத்துவிட்டால் ஐஎஸ்ஓ 100, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11, ஷட்டர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்திருக்கட்டும். சிலர் எல்லாம் கூர்மையாக வரவேண்டும் என்று எஃப் 22 வரை மூடுகிறார்கள். அவ்வளவு சின்னத் துளை வழியாக நுழையும்போது ஒளி விளிம்பில் சிதறும், படம் மங்கித்தான் போகும்.

அதனால், பத்து வருடப் பழைய கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வீட்டில் தூங்கினால் அதையே எழுப்புங்கள். போதும். கேமராவே இல்லையா? செல்போனைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளிப்பை வாங்கி டிரைபாடில் மாட்டுங்கள். அதே போன், விடிகாலையில் வேறு மாதிரிப் படம் கொடுக்கும்.

கடையில் டிரைபாடைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கால்களை முழுசாக நீட்டி நிறுத்திவிட்டு, கேமரா மாட்டும் தலைப்பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றரைக் கிலோவாவது இருக்கட்டும். அதைவிட இலேசாகவும் வேண்டும், உறுதியாகவும் வேண்டும் என்றால் கார்பன் ஃபைபருக்குப் போக வேண்டும், அதன் விலை வேறு. வெளியில் நிறுத்தும்போது தடித்த கால்பகுதியை முதலில் நீட்டுங்கள், மெல்லியதைக் கடைசியில். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். காற்றடித்தால் அதன் அடியில் இருக்கும் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தும்போதே கேமரா அதிரும், அதனால் இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

டிரைபாடுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். மார்கழி மாதம், விடிகாலை, தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையில் டிரைபாடை நிறுத்தி, குனிந்து நிமிர்ந்து படம் எப்படி அமையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் வந்து தள்ளி நின்றார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "சார், ரோடு இந்தப் பக்கமாப் போகுதா, அந்தப் பக்கமாப் போகுதா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "எந்த ரோடுங்கய்யா?" என்றேன். "அதான் சார், அளக்க வந்திருக்கீங்களே. நம்ம வயல்ல எத்தனை அடி போகும்? சொல்லிட்டீங்கன்னா மனசத் தேத்திக்கிருவேன்" என்றார். முக்காலியைப் பார்த்து சர்வேயர் என்று நினைத்துவிட்டார்! நாற்கரச் சாலைக்கு நிலம் எடுத்த ஊர்ப்பக்கம், அவர் பயத்தில் தப்பே இல்லை. படம்தான் எடுக்கிறேன் என்று சொன்னால் நம்பவில்லை. "படம் எடுக்க யாராச்சும் இருட்டுல வருவாகளா?" நியாயமான கேள்விதானே. கடைசியில் அவரையே கூப்பிட்டு கேமரா வழியாகப் பார்க்கச் சொன்னேன். துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அட, நம்ம கம்மா!" என்றார். அதுவரை சார் சார் என்றவர், அதற்கப்புறம் தம்பி என்றுதான் கூப்பிட்டார். "தம்பி, இங்க நின்னா மூட்டம் தெரியாது. மடைப்பக்கம் போங்க. காத்து இல்லாத நாள்ல அங்கதான் பனி தங்கும்" என்றார். போனேன். மடையிலிருந்து பார்க்கும்போது பனைகளுக்கு இடுப்பளவில் பனி நின்றிருந்தது. எந்த வானிலை ஆப்பும் அந்த மடையைச் சொல்லாது. வெளியூர் போனால் முதலில் டீக்கடையில் உட்காருங்கள். ஆடு மேய்க்கிறவரிடமும் மீன்பிடிக்கிறவரிடமும் கேளுங்கள். டிரைபாடைத் தோளில் வைத்துக்கொண்டு போனால் நீங்கள் கேட்கவே வேண்டாம், அவர்களே வந்து கேட்பார்கள்.

சரி, கதை நீண்டுவிட்டது. வெளிச்சத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தருவதைப் படித்தவர்களுக்குப் பொன்னிற ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்கு தெரிந்திருக்கும். சூரியன் எழுந்த பிறகு ஒரு மணி, விழுவதற்கு முன் ஒரு மணி. அது ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக இறங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இங்கே கிட்டத்தட்ட நேராக விழுந்துவிடும். அந்தப் பொன்னிற வெளிச்சம் நமக்குச் சுமார் அரை மணி நேரம்தான். மறைந்த பிறகு வானத்தில் இருக்கும் வெளிச்சமும் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்து இடம் தேடலாம் என்று நினைத்தால், தேடி முடிக்கும்போது இருட்டிவிடும். சாயங்காலப் படத்துக்கு மூன்றரை, நாலு மணிக்கே போய் இடம் பார்த்து, டிரைபாடை ஊன்றிவிட வேண்டும். பாருங்கள், மறுபடியும் டிரைபாட்!

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கக் கை போதும். கையை முழுசாக நீட்டி, நாலு விரலைப் படுக்கையாக வைத்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடியுங்கள். நாலு விரல் கொள்ளும் இடம் இருந்தால் ஏறக்குறைய அரை மணி நேரம் மிச்சம். கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் போனதும் கூட்டம் சுண்டல் வாங்கக் கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். மேலே மேகம் இருந்தால், சிவப்பு ஏறுவது அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில்தான்.

இன்னொன்று, சூரியன் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் உதிக்காது. ஜூன் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவில், கையை நீட்டி அளந்தால் இரண்டு சாணுக்கு மேலேயே நகர்ந்துவிடும். ஆனியில் மலைக்கு வலப்பக்கம் மறைந்த சூரியன், மார்கழியில் இடப்பக்கம் மறையும். மதுரைக்காரர்கள் யானைமலையை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்! ஒவ்வொரு மாதமும் அதே மலையை, அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் புழுதி மூட்டத்தில் மலை வெளிறிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மறுநாள் பாறையின் மடிப்பெல்லாம் எண்ணலாம். லடாக் போக லீவு கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு மலையோ ஏரியோ பிடித்துக்கொள்ளுங்கள்.

மழை என்றதும் ஒரு சாமான் ஞாபகம் வருகிறது. போலரைசர் ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி. ஃபில்டர்களில் நான் காசு போடச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். நனைந்த இலை, பாறை, தண்ணீர் இவற்றின் மேல் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பை இது எடுத்துவிடும். படமெடுத்த பிறகு கம்ப்யூட்டரில் அதைச் செய்ய முடியாது. ஆடிச் சாரலில் தென்காசி, குற்றாலம் போகிறவர்கள், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டினால் மட்டும் போதாது, திருகித் திருகிப் பார்க்க வேண்டும். நீல வானம் வேண்டுமென்றால் சூரியன் உங்கள் தோள்பட்டைப் பக்கம் இருக்கட்டும்.

பயணத்துக்கு வருவோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போக, 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை வந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடியலைப் பார்க்கப் போகும் கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் ஏற வேண்டியது கேரளாவில் சூரியநெல்லியிலிருந்து. விடியும் முன் கிளம்பினால், அந்தக் கல் ரோட்டில் ஜீப் போடுகிற ஆட்டத்தில் ஸ்க்ரூ எல்லாம் கழன்றுவிடும். கேமராவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைச் சட்டைப் பைக்குள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். தனுஷ்கோடியில் நினைத்த நேரத்தில் உள்ளே இருக்க முடியாது, சோதனைச்சாவடியில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரை எல்லோரும் எடுக்கிறார்கள், எடுங்கள். ஆனால் அந்த மணல்காற்றில் லென்ஸை மட்டும் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டிக் காயவையுங்கள். உப்பு தங்கினால் மூட்டு இறுகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சாமான்களைப் பாதுகாப்பது பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். எல்லாம் ஓட்டமாகத்தான் சொல்ல வேண்டும்.

லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே பிடிக்கும். தோல் பைக்குள் பூட்டி வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். துடைக்க வேண்டாம், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். விமானத்தில் போனால் தனி பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தொல்லியல் துறைக் கோயில்களில் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். அங்கே மட்டும் அதை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ட்ரோன் 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும், காட்டுப் பகுதியில் வனத்துறையைக் கேட்காமல் பறக்கவிடக் கூடாது. எந்த லென்ஸ் அடுத்து வாங்குவது என்ற கேள்விக்கு நேரமில்லை. டிரைபாடை வாங்கிவிட்டு எழுதிக் கேளுங்கள், இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.