கைமாற்றாகப் போன வெற்றிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கைமாற்று என்றால் உங்களுக்குத் தெரியும். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. என் அவசரத்துக்கு நீங்கள் கொடுப்பீர்கள், உங்கள் அவசரத்துக்கு நான் திருப்பித் தருவேன். ஜப்பானில் சூமோ மல்லர்கள் சிலர் வெற்றியையே இப்படிக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கினார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆண்டுக்கு 6 பெரும்போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். மேல் இரண்டு பிரிவு மல்லர்களுக்குத் தினம் ஒரு ஆட்டம். 8 ஆட்டம் ஜெயித்துவிட்டால் பொதுவாகத் தரவரிசையில் ஏற்றம். 7-ல் நின்றுபோனால் இறக்கம். இந்த ஒரே ஒரு வெற்றியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு மனிதரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் பிரிவுக்கு ஜூர்யோ என்று பெயர். அங்கே மாதம் 10 லட்சம் யென்னுக்கு மேல் சம்பளம், தனி அறை, கூடமாட வேலை செய்ய இளைய மல்லர்கள், போட்டி நாளில் கட்டப் பட்டுக் கச்சை. அதற்கு ஒரு படி கீழே மகுஷிதா. அங்கே மாதச் சம்பளமே கிடையாது. போட்டிக்குப் போட்டி ஒரு சிறு படிக்காசு மட்டும். கச்சையும் கறுப்புப் பருத்தித் துணிக்கு மாறிவிடும். நேற்றுவரை தன் முதுகைத் தேய்த்துவிட ஆள் வைத்திருந்தவர், இன்று இன்னொருவர் முதுகைத் தேய்க்க வேண்டும். முப்பது வயதில், வலிக்கிற முழங்காலோடு, 7 வெற்றி 7 தோல்வி என்று கடைசி நாள் காலையில் கண்விழிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். எதிரே வருபவரோ ஏற்கெனவே 8 ஜெயித்துவிட்டவர். அவருக்கு இந்த ஆட்டம் போனால் பெரிய நஷ்டமில்லை.

மார்க் டகன், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1989 முதல் 2000 வரையிலான ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கடைசி நாளில் 7-7 என்று நிற்பவர், 8-6 என்று இருப்பவரைச் சந்தித்தால், வழக்கமான கணக்குப்படி ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் ஜெயித்ததோ 100-க்கு 80 தடவை. சரி, உயிரைக் கொடுத்து ஆடியிருப்பார் என்று சொல்லலாம். ஆனால் அதே இருவரும் அடுத்த முறை மோதும்போது, முன்பு ஜெயித்தவர் 100-க்கு 40 தடவைதான் ஜெயித்தார். வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் எனக்குத் தெரிகிறது.

கணக்கு இவ்வளவு சொன்னாலும் அது சாட்சி ஆகாது. நாலரை மீட்டர் அகலக் களிமண் கோதா. ஆட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். வைக்கோல் விளிம்புக்கு வெளியே குதிகால் பட்டாலும் தோல்விதான். வேண்டுமென்றே வைத்த காலா, வழுக்கிய காலா, யார் சொல்ல முடியும்? 2000-ல் இதாய் என்ற முன்னாள் மல்லர் நிருபர்கள் முன்னால் வந்து உள்ளதைச் சொன்னார். போட்டிகளை நடத்தும் ஜப்பான் சூமோ சங்கம் ஏற்கவில்லை.

அப்புறம் 2010-ல் வேறொரு வழக்கு வந்தது. பேஸ்பால் சூதாட்ட விசாரணைக்காகப் போலீஸார் மல்லர்களின் செல்போன்களைக் கைப்பற்றினார்கள். அவற்றிலிருந்த குறுஞ்செய்திகள் 2011 பிப்ரவரியில் வெளியே வந்தன. முதல் மோதலில் பலமாக வா, பிறகு போகிற போக்கில் விட்டுவிடலாம் என்று ஒருவர் கேட்கிறார். சரி, கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கிறேன் என்று மற்றவர் பதில் போடுகிறார். படிக்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மார்ச் மாதம் ஒசாகாவில் நடக்கவிருந்த போட்டி ரத்தானது. 1946-க்குப் பிறகு பெரும்போட்டி ஒன்று ரத்தானது அதுவே முதல் தடவை.

உடைமாற்றும் அறைக்குள் செல்போன் கூடாது என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் மகுஷிதா மல்லருக்கு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. அந்தப் பள்ளத்தை மேடாக்காமல் போனைப் பிடுங்கி என்ன பயன்? தப்பு செய்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திய ஏற்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறேன்.

இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். உள் மங்கோலியாவிலிருந்து வந்த சோகோகுராய். அவரும் பேசிவைத்து ஆடினார் என்று சங்கம் 2011-ல் அவரை நீக்கியது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நீதிமன்றம் போனார். 2013 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஒரு மல்லருக்கு உடம்பில் பலம் இருக்கும் காலமே கொஞ்சம். அதில் இரண்டு ஆண்டுக்கு மேல் போயே போய்விட்டது. அந்த ஜூலையில் நகோயா போட்டியில் மறுபடி கோதாவில் இறங்கினார். 2020-ல் ஓய்வுபெற்று, அராஷியோ பயிற்சிக்கூடத்தின் தலைவரானார்.

2022 மார்ச்சில் அவருடைய சீடர் வகதகாகாகே பேரரசர் கோப்பையை வென்றார். 2011-ல் ரத்தானதே, அதே ஒசாகா மார்ச் போட்டியில்.

வணக்கம்.