ஹோல்டன், ஃபோர்டு, நடுவில் ஒரு நிஸ்ஸான்

வணக்கம் நேயர்களே. அக்டோபர் பிறந்துவிட்டது. இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உங்கள் தெருவில் யார் வீட்டு டி.வி.யிலாவது கார் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஃபோர்டு கார் கம்பெனித் தொப்பியோ ஹோல்டன் கார் கம்பெனிச் சட்டையோ போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் பார்பெக்யூ பற்றவைப்பார். அதுதான் பாதர்ஸ்ட் 1000 பந்தயம். சிட்னியிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டர் போனால் பாதர்ஸ்ட் என்று ஓர் ஊர், அங்கே மவுண்ட் பனோரமா என்று ஒரு மலை. மலைமேல் ஏறி இறங்கும் 6.2 கிலோமீட்டர் சாலையில் 161 சுற்று ஓட வேண்டும். மற்ற நாட்களில் அது சாதாரண ஊர்ச் சாலை. அறுபதுக்கு மேல் போனால் போலீஸ் பிடிக்கும். நம்மவர்கள் பலரும் காரை ஓட்டிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

அந்த மலையில் நடந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 'நம்ம கார்' ஒரு பக்கம், 'வெளியிலிருந்து வந்த கார்' இன்னொரு பக்கம். நான் மேற்கு சிட்னியில் கார் பழுது பார்க்கிறவன். இந்தச் சண்டையை டி.வி.யில் பார்த்ததைவிட பானெட்டைத் திறந்து பார்த்ததுதான் அதிகம். திறந்து பார்த்தால் கதையே வேறு. அதைச் சொல்லத்தான் ஆசை.

முதலில் 'நம்ம கார்' எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 நவம்பரில் மெல்பர்னில் முதல் ஹோல்டன் காரை வெளியிட்டவர் அன்றைய பிரதமர் பென் சிஃப்லி. அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? இதே பாதர்ஸ்ட்தான். அங்கே ரயில் என்ஜின் ஓட்டியவர். அந்தக் காரை ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார் என்று நாடே கொண்டாடியது. ஆனால் ஹோல்டன் கம்பெனியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1931-லேயே வாங்கிவிட்டது. ஃபோர்டு பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் முதலாளி அமெரிக்காவில். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1966-ல் பாதர்ஸ்டில் ஜெயித்தது இங்கிலாந்தின் மினி கூப்பர். முதல் ஒன்பது இடமும் மினிக்கே போனது. மறுவருஷம் ஃபோர்டு ஃபால்கன் வி8 என்ற எட்டு சிலிண்டர் என்ஜினோடு வந்து ஜெயித்தது. அதை ஓட்டியவர்கள் ஹாரி ஃபர்த், ஃப்ரெட் கிப்சன். ஃப்ரெட் கிப்சன் என்ற பெயர் திரும்பவும் வரும். 1968-ல் ஹோல்டன் மொனாரோ ஜெயித்தது. அதிலிருந்து வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்துவிட்டது. ஃபோர்டு வீடு, ஹோல்டன் வீடு. அப்பா எந்தக் கட்சியோ பிள்ளையும் அந்தக் கட்சி. ஹோல்டன் பக்கத்துக்கு பீட்டர் பிராக், ஒன்பது தடவை ஜெயித்தவர். ஃபோர்டு பக்கத்துக்கு பிரிஸ்பேன்காரர் டிக் ஜான்சன். 1980-ல் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது ரோட்டில் கிடந்த ஒரு பாறையில் மோதி ஜான்சனின் கார் நொறுங்கியது. டி.வி.யில் பார்த்த ஜனங்கள் போன் போட்டுப் போட்டு அவருக்குப் பணம் அனுப்பினார்கள். மறுவருஷம் அதே மலையில் வந்து ஜெயித்தார். ஊர் பேர் தெரியாதவர்கள் பணம் போட்டு ஒருவரைத் திரும்ப ரேஸுக்கு அனுப்புகிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய அன்பு! அந்தக் கூட்டத்தை நான் ஒருநாளும் குறைவாகப் பேச மாட்டேன். அந்த அன்பு தெரிந்தால்தான் அடுத்து நான் சொல்லப்போகிற கோபமும் புரியும்.

1985-ல் சர்வதேச விதிகள் வந்தன. வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வந்தன. 1990-ல் வந்ததுதான் நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 2.6 லிட்டர் ஆறு சிலிண்டர், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இரண்டு, நாலு சக்கரத்துக்கும் இழுவிசை. மழையில் மற்ற கார்கள் வழுக்கிக்கொண்டு நிற்கும்போது இது பிடித்துக்கொண்டு போகும். இங்கத்திய பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்தார்கள். அந்த அணியை நடத்தியவர் யார்? 1967-ல் ஃபால்கனில் ஜெயித்த அதே ஃப்ரெட் கிப்சன். ஓட்டியவர் ஜிம் ரிச்சர்ட்ஸ், நியூசிலாந்துக்காரர். பிராக்கோடு சேர்ந்து 1978, 79, 80 மூன்று வருஷமும் ஹோல்டனுக்கே ஜெயித்துக் கொடுத்தவர். அவருக்குத் துணை மார்க் ஸ்கைஃப் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். 1991-ல் இருவரும் சுலபமாக ஜெயித்தார்கள். மறுவருஷம் காரின் எடையைக் கூட்டச் சொன்னார்கள், டர்போ அழுத்தத்துக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். அப்படியும் அதைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது 1992 அக்டோபர் 4. அன்றைக்கு மழை. பந்தயத்தின் முற்பகுதியிலேயே 1967-ன் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் டென்னி ஹல்ம், பி.எம்.டபிள்யூ. ஓட்டிக்கொண்டிருந்தவர், கண் சரியாகத் தெரியவில்லை என்று ரேடியோவில் சொன்னார். மழை என்று நினைத்தார்கள். மாரடைப்பு. கொன்ராட் என்ற அந்த நீண்ட நேர்ச்சாலையில் கார் ஓரமாக உரசிக்கொண்டு போய் நின்றது. அவர் பிழைக்கவில்லை. அவரும் நியூசிலாந்துக்காரர், ரிச்சர்ட்ஸின் நண்பர்.

பந்தயம் தொடர்ந்தது. கடைசிக் கட்டத்தில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மலையிலிருந்து இறங்கும் இடத்தில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கின. முன்னணியில் இருந்த ரிச்சர்ட்ஸின் ஜி.டி.ஆரும் தண்ணீரில் சறுக்கி, ஏற்கெனவே நின்றிருந்த கார்களோடு மோதிக் கிடந்தது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். டிக் ஜான்சனின் ஃபோர்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் ஜான்சன்தான் ஜெயித்தார் என்று ஆரவாரம் செய்தது. ஆனால் விதி என்ன? அப்படி நிறுத்தினால் முன்னால் முடிந்த சுற்றின் கணக்குத்தான் செல்லும். அந்தக் கணக்கில் முதலிடம் நிஸ்ஸானுக்கு. மோதி நொறுங்கிய கார் ஜெயித்துவிட்டது.

மேடைக்கு ரிச்சர்ட்ஸும் ஸ்கைஃபும் வந்தபோது கீழே நின்ற கூட்டம் ஊளையிட்டது. கொஞ்ச நேரம் முன்னால்தான் ரிச்சர்ட்ஸுக்கு நண்பர் இறந்த செய்தியைச் சொல்லியிருந்தார்கள். அந்த மனநிலையில் மைக்கைப் பிடித்தார். ஆஸ்திரேலிய ரசிகர்களை இதைவிட மேலாக நினைத்திருந்தேன், இது வெட்கக்கேடு, இது வெகுகாலம் என் மனதில் நிற்கும் என்றார். கடைசியில் கூட்டத்தைப் பார்த்து ஒரு வசவு வைத்தார். அதை வானொலியில் சொல்ல முடியாது, பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வசவு இன்றைக்கும் இந்த நாட்டில் பிரசித்தம்.

கூட்டம் எதற்குக் கோபப்பட்டது? நொறுங்கிய கார் ஜெயித்ததில் ஒரு பகுதி கோபம். 'ஜப்பான் கார் வந்து நம்ம கார்களை அடிக்கிறது' என்பது மீதிக் கோபம். சரி, அவர்கள் கைதட்டிய ஜான்சனின் கார் எது? ஃபோர்டு சியரா. ஐரோப்பாவில் செய்த கார். ஆஸ்திரேலிய ஷோரூமில் ஒருநாளும் விற்காத கார். ஜி.டி.ஆரையாவது நிஸ்ஸான் இங்கே கொண்டுவந்து 100 கார் விற்றது. பந்தய ஜி.டி.ஆர். தயாரானது கிப்சனின் மெல்பர்ன் பட்டறையில். அதன் கியர்பாக்ஸைச் செய்ததும் மெல்பர்ன் பக்கத்து ஹொலிஞ்சர் என்ற உள்ளூர்ப் பட்டறைதான். அப்படியானால் எது இறக்குமதி, எது உள்ளூர்? மூக்கில் ஒட்டியிருக்கும் சின்னத்தைப் பார்த்துத்தான் அன்று பாதிப் பேர் முடிவு செய்தார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986-ல் ஆஸ்திரேலியாவில் புதுக் கார்கள் எல்லாம் ஈயம் இல்லாத பெட்ரோலில்தான் ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஹோல்டனின் பழைய ஆறு சிலிண்டர் என்ஜினை அதற்கு ஏற்ப மாற்றுவது கட்டுப்படியாகவில்லை. என்ன செய்தார்கள்? நிஸ்ஸானிடம் போனார்கள். 3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின், பெயர் ஆர்.பி. 30. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து ஹோல்டன் வி.எல். கொமடோருக்குள் உட்கார்ந்தது. 1988 வரை அந்த மாடல் வந்தது. அதிலேயே டர்போ வைத்த ரகத்தைப் போலீஸே துரத்திப் பிடிக்க வைத்துக்கொண்டது. பந்தயத்தில் ஓடிய வி.எல். வேறு, அதில் இருந்தது ஹோல்டனின் சொந்த வி8. நான் சொல்வது வீட்டு வாசலில் நின்ற வி.எல்.

அந்த பானெட்டைத் திறந்து பாருங்கள். நீளவாக்கில் ஆறு சிலிண்டர். சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக்கின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் வார்ப்பிலேயே எழுத்து இருக்கும்: ஆர்.பி. 30. ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடும். ஒரே ஒரு குணம் உண்டு. பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்று ரேடியேட்டரை என்ஜின் தலையைவிடக் கீழே வைத்துவிட்டார்கள். அதனால் தண்ணீர் மாற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். அதற்கென்று வைத்திருக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் தண்ணீர் வரும்வரை பொறுமையாகக் காற்றை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஹெட், அதாவது அந்த என்ஜின் தலை, சூடேறி வெடிப்பு விடும். பழைய வி.எல். வைத்திருப்பவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

ஜி.டி.ஆரில் இருந்த என்ஜின் பெயர் என்ன? ஆர்.பி. 26. இரண்டும் ஒரே குடும்பம்! மேடைக்குக் கீழே நின்று நிஸ்ஸானைப் பார்த்து ஊளையிட்டவர்களில் எத்தனை பேர் நிஸ்ஸான் என்ஜினை ஓட்டிக்கொண்டு மலைக்கு வந்திருப்பார்கள்!

இன்னும் இருக்கிறது. ஸ்கைலைன் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் அதிக சக்தி வேண்டும் என்று என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய கார் உடைக்கும் யார்டுகளில் போய் ஹோல்டன் வி.எல்.லின் 3 லிட்டர் பிளாக்கைத் தேடுகிறார்கள். அதன்மேல் ஜி.டி.ஆர். ஹெட்டைத் தூக்கி வைத்துப் பூட்டுகிறார்கள். அடிப்பாகம் ஹோல்டனிலிருந்து, மேல்பாகம் ஸ்கைலைனிலிருந்து. இறக்குமதிக் கட்சிக்காரர் உள்ளூர்க் கட்சியின் காரிலிருந்து கழற்றிய இரும்பைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். இதை என் கண்ணால் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

இது ஒரு காரின் கதை மட்டும் இல்லை. ஜான் பட்டன் தொழில்துறை அமைச்சராக இருந்தபோது, மாடல்களைக் குறைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கம்பெனிகளை நெருக்கினார்கள். ஹோல்டன் கொமடோரை டொயோட்டா 'லெக்ஸன்' என்ற பெயரில் விற்றது. டொயோட்டா கேம்ரியை ஹோல்டன் 'அப்பல்லோ' என்று விற்றது. நிஸ்ஸான் பட்ரோலை ஃபோர்டு 'மேவரிக்' என்று விற்றது. ஃபோர்டு ஃபால்கன் யூட், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் வண்டி, அதன் மேல் நிஸ்ஸான் பெயரையே ஒட்டினார்கள். நம்மவர்கள் இங்கே வந்து முதலில் வாங்கிய பழைய கார்களிலும் ஒரு லெக்ஸன், ஒரு அப்பல்லோ இருந்திருக்கும். டொயோட்டா என்று நம்பி ஹோல்டன் ஓட்டியவர்கள் நம்மிலேயே உண்டு.

நிஸ்ஸானுக்கும் மெல்பர்னில் கிளேட்டன் என்ற இடத்தில் தொழிற்சாலை இருந்தது. ஸ்கைலைன் காரையே அங்கே செய்தார்கள். அது எந்த வருஷம் மூடப்பட்டது? அதே 1992. அந்த அக்டோபரில் ஊளையிட்டவர்கள், சொந்த நாட்டில் வேலை இழந்துகொண்டிருந்த தொழிலாளிகளின் கம்பெனியைப் பார்த்துத்தான் 'வெளிக்கார்' என்று ஊளையிட்டார்கள். இது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

1993-லிருந்து விதி மாறி, முக்கியப் போட்டி ஃபால்கன், கொமடோர் இரண்டு வி8 கார்களுக்குள் என்று ஆனது. உள்ளூர்க் கட்சிக்கு வெற்றி. பிறகு 2002. பாதர்ஸ்டில் ஜெயித்தது ஹோல்டன் கொமடோர். ஓட்டியவர்கள் மார்க் ஸ்கைஃப், ஜிம் ரிச்சர்ட்ஸ். ஆமாம், அதே இருவர், அதே மலை, சரியாகப் பத்து வருஷம் கழித்து! இந்தத் தடவை கைதட்டல்! இதைத் திரும்பச் சொல்கிறேன். நிஸ்ஸானில் ஜெயித்தபோது ஊளை, ஹோல்டனில் ஜெயித்தபோது கைதட்டல். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அமெரிக்காவில் மஸ்டாங் கூட்டத்துக்கும் ஹோண்டா சிவிக் இளைஞர்களுக்கும் நடந்த சண்டையையும் எழுதி வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1973-ல் மெல்பர்ன் பிராட்மெடோஸ் ஃபோர்டு தொழிற்சாலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கிரீஸ், இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். 'நம்ம ஃபால்கன்' என்று கொண்டாடிய காரை முடுக்கிப் பூட்டியவை நம்மைப் போல் வந்தவர்களின் கைகள். அந்த ஃபோர்டு தொழிற்சாலை 2016-ல் மூடியது. ஹோல்டன் 2017 அக்டோபர் 20-ல் கடைசிக் காரைச் செய்தது, 2020-ல் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். 2023-ல் அந்த மலையில் மோதியவை மஸ்டாங்கும் கமாரோவும், இரண்டுமே அமெரிக்க மாடல்கள். 2026-லிருந்து டொயோட்டாவும் வரும் என்று 2024-ல் அறிவித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறவர்கள் முதல் சுற்றைத் தவறவிடாதீர்கள். மலை உச்சியில் அத்தனை கார்களும் ஒரே வரிசையாக நெருக்கிக்கொண்டு இறங்கும். நன்றி, வணக்கம்.