புளோக் தெரியும், கதவு எண் தெரியாது

(திரையில்: சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றின் கீழ்த்தளம். வரிசையாகத் தபால் பெட்டிகள்.)

வணக்கம். உங்கள் புளோக்கில் ஒரு வீடு கைமாறியிருக்கிறது. மின்தூக்கியில் மூன்று வாரமாக அதே பேச்சு. எவ்வளவுக்குப் போயிருக்கும்? விற்றவரிடமே கேட்கலாம்தான். அதற்குப் பிறகு அவர் முகம் கொடுத்துப் பேசுவாரா என்பது வேறு விஷயம்.

கேட்கவே வேண்டாம். வீவக மறுவிற்பனை விலைகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 1990 முதல் இருக்கின்றன. இலவசம். எந்த மாதம், எந்த வட்டாரம், புளோக் எண், தெருப் பெயர், எத்தனை அறை, எத்தனை சதுர மீட்டர், குத்தகை எப்போது தொடங்கியது, விலை என்ன, எல்லாம் உண்டு. மாடியை மட்டும் கவனியுங்கள். "10 முதல் 12 வரை" என்று மூன்று மாடிகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். கதவு எண் இருக்காது. வாங்கியவர், விற்றவர் பெயரும் இருக்காது.

அதே மாடியில் குடியிருப்பவருக்கு இது ஒரு மறைப்பே இல்லை. யார் வீடு என்று அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இந்த மறைப்பு அவருக்காகப் போட்டதல்ல. ஜூரோங்கில் உட்கார்ந்துகொண்டு, ஈசூனில் யார் கையில் இப்போது பணம் வந்திருக்கிறது என்று தேடும் முன்பின் தெரியாத ஆளுக்காகப் போட்டது. ஒரு பதிவைப் பொதுவில் வைக்கலாமா என்று யோசிக்கும்போது நான் கேட்டுப் பார்க்கும் கேள்வியும் இதுதான்: முன்பின் தெரியாத ஒருவருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கும்?

(திரையில்: முகவரி தேடும் பெட்டி.)

சில பதிவுகளில் பெயரே இருந்தாக வேண்டும். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் முகவரியைக் கொடுத்து, சிறு கட்டணம் கட்டினால், அந்தச் சொத்தின் உரிமையாளர் பெயர் வரும். விற்க வந்திருப்பவர் உண்மையில் உரிமையாளர்தானா என்று பார்க்காமல் யார் முன்பணம் கொடுப்பார்கள்?

கொண்டோமினியத்தில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் வேறொன்றைப் பார்த்திருப்பீர்கள். பொதுக்கூட்டத்துக்கு முன், வாக்களிக்கத் தகுதியுள்ள உரிமையாளர்களின் பெயரும் வீட்டு எண்ணும் அறிவிப்புப் பலகையில் தொங்கும். இது அத்துமீறல் என்று ஒருமுறை புகாரே போனது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2017ல் சொன்ன முடிவு: மீறல் இல்லை. பட்டியலை ஒட்டச் சொல்வதே சட்டம்தான். யாருக்கு வாக்கு உண்டு என்று தெரியாமல் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்தலை யார் நம்புவார்கள்? எனக்கும் அந்த முடிவு சரியென்றே படுகிறது. கூட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்தத் தாள் அங்கேயே தொங்குவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தியாவில் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டி மத்திய அரசு அலுவலகத்திடம் கேள்வி கேட்கலாம். நம் ஊரில் அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. எதைத் திறந்து வைக்க வேண்டும் என்று தனித்தனிச் சட்டங்கள் சொல்கின்றன, மற்றதை அமைப்புகளே முடிவு செய்கின்றன. நகர மன்றங்களின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் நாடாளுமன்றத்துக்குப் போகும். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை ஆண்டுதோறும் வரும். அதில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும், அல்லது தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும்.

சரி, இப்போது ஐசி நம்பர், அதாவது அடையாள அட்டை எண்.

(திரையில்: தேடல் பெட்டியில் ஒரு பெயர் தட்டச்சாகிறது. கீழே எண்கள் வரிசையாக விழுகின்றன.)

2024 டிசம்பர் 9. நிறுவனப் பதிவுகளைக் கவனிக்கும் அக்ரா, தன் பிஸ்ஃபைல் தளத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் ஒரு பெயரைத் தேடினால் அந்தப் பெயருள்ளவர்களின் முழு அடையாள அட்டை எண்ணும் வந்தது. காசும் கேட்கவில்லை. செய்தி பரவியதும் ஆளாளுக்குத் தேடினார்கள். 13ஆம் தேதி இரவு அந்தத் தேடல் வசதியை நிறுத்துவதற்குள் 500,000க்கும் மேற்பட்ட தேடல்கள். அமைச்சர் ஜோசஃபின் தியோ மன்னிப்புக் கேட்டார்.

எப்படி நடந்தது? எண்ணின் ஒரு பகுதியை மறைத்துக் காட்டும் வழக்கத்தைப் புதிதாக எங்கும் தொடங்க வேண்டாம் என்று அதே ஆண்டு ஜூலையில் அரசாங்க அமைப்புகளுக்குச் சுற்றறிக்கை போயிருந்தது. அக்ரா அதை "மறைத்திருப்பதை எல்லாம் திறந்துவிடு" என்று புரிந்துகொண்டது. ஒரு சுற்றறிக்கையைத் தவறாகப் படித்ததில் வந்த வினை.

ஆனால் அந்தச் சுற்றறிக்கைக்குப் பின்னால் இருந்த கணக்கு சரியானது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

(திரையில்: எஸ், 8, 2, கோடு, கோடு, மூன்று இலக்கங்கள், ஓர் எழுத்து.)

1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. கடைசி மூன்று இலக்கங்களும் எழுத்தும்தான் வழக்கமாக நாம் எழுதிக் கொடுப்பது. உங்கள் பிறந்தநாள் படத்தை முகநூலில் பார்த்தவருக்கு, தெரியாமல் மிச்சம் இருப்பவை நடுவில் இரண்டே இலக்கங்கள். 00 முதல் 99 வரை, நூறு வாய்ப்பு.

நூறு என்றால் பரவாயில்லை என்று தோன்றும். அந்தக் கடைசி எழுத்துதான் காட்டிக் கொடுக்கிறது. அது சும்மா போட்ட எழுத்தல்ல. ஏழு இலக்கங்களையும் குறிப்பிட்ட எண்களால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை வைத்து எடுப்பது. ஆகவே எழுத்து தெரிந்தால், அந்த நூறில் ஒத்துவருபவை ஒன்பது அல்லது பத்துதான். கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். இந்த வேலையைச் செய்து தரும் தளங்களும் உண்டு. மறைத்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் நம்மிடம் மிஞ்சுகிறது.

ஆக, கேடு எண் தெரிந்துவிடுவதில் மட்டும் இல்லை. எண்ணைச் சொன்னவுடன் "ஆமாம், இவர்தான் அவர்" என்று நம்பி வேலையை முடித்துக் கொடுக்கும் இடங்களில் இருக்கிறது. ஐசி நம்பரையே கடவுச்சொல்லாக வைத்துக் கோப்பை அனுப்புகிறார்களே, அதைச் சொல்கிறேன். அந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் விடும்படி தனியார் நிறுவனங்களுக்கு 2025ல் அறிவுரை போனது. அந்தப் பழக்கத்தை முதலில் ஒழித்துவிட்டு அப்புறம் எண்ணை வெளியில் விட்டிருந்தால், இத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்காது.

(திரையில்: இரண்டு அலுவலக வாசல்கள், பக்கம் பக்கமாக.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கடைகளையும் நிறுவனங்களையும் கொண்டோ நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தும், அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு 2018ல் வந்த பொதுத்துறை நிர்வாகச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றித் தகவலை வெளியே விடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கடுமைதான். ஆனால் அது அதிகாரியைத் தண்டிக்கும் சட்டம். "என்னைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டு" என்று நீங்கள் கேட்கும் உரிமை முதல் சட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த உரிமை எதற்குப் பயன்படும்? உங்கள் கொண்டோ கார் நிறுத்துமிடத்தில் யாரோ உங்களை இடித்துவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் கேமராவில் நீங்கள் பதிவாகியிருந்தால் அந்தக் காட்சியைக் கேட்கலாம். "தர முடியாது, ரகசியம்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட முடியாது. 30 நாளுக்குள் தர முடியாவிட்டால், எப்போது தருவோம் என்றாவது எழுதிச் சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம். காட்சியில் வரும் மற்றவர்களின் முகத்தை மங்கலாக்கித் தருவார்கள். மறுவிற்பனைப் பட்டியலில் கதவு எண்ணை விட்டுவிட்டதைப் போலத்தான் இதுவும்.

கேட்கும்போது தேதி, இடம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். "போன வாரம் சாயங்காலம்" என்று எழுதினால் காவலர் பாவம், ஏழு நாள் காட்சியை உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்ன நிறச் சட்டை என்பதையும் சேருங்கள். கைலியோடு குப்பை கொட்டப் போயிருந்தால், கூச்சப்படாமல் அதையும் எழுதிவிடுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துகொண்டே இருக்கும் என்பதால், கடிதத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.