புல்வெளியில வந்து நின்ன பெண்: 'ப்ளூ வெல்வெட்' பார்த்தவங்களுக்கு என்ன ஆச்சு?

[திரையில்: இரவு. ஒரு தெருவிளக்கு. ஆளில்லாத வீட்டு முன்புறப் புல்வெளி.]

1985. அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம், வில்மிங்டன் ஊர். ராத்திரி நேரம், குடியிருப்புத் தெரு ஒண்ணுல சினிமா ஷூட்டிங். விஷயம் தெரிஞ்சதும் அக்கம்பக்கத்துக்காரங்க கிளம்பி வந்துட்டாங்க. போர்வையை விரிச்சு, சாப்பாட்டுக் கூடையைத் திறந்து வச்சுக்கிட்டு, பிள்ளைங்க பாட்டிங்கன்னு குடும்பத்தோட உட்கார்ந்துட்டாங்க. இது சின்னப் பசங்க பார்க்கக்கூடிய காட்சி இல்லைன்னு படக்குழு எச்சரிக்கை பண்ணியும் யாரும் எழுந்து போகலை.

கொஞ்ச நேரத்துல இருட்டுக்குள்ள இருந்து ஒரு பெண் நடந்து வராங்க. உடம்புல ஒட்டுத் துணி இல்லை. எல்லாம் அடிபட்ட காயம். ரெண்டு கையும் உடம்பை விட்டு விலகி நிக்குது, எதையும் மறைக்கணும்னுகூட தோணாத மாதிரி.

மறுநாள் போலீஸ் வந்து சொல்லிடுச்சு, இனிமே தெருவுல படம் எடுக்க அனுமதி கிடையாதுன்னு.

இதைப் பின்னாடி பேட்டிகள்ல சொன்னவங்க அந்தப் பெண்ணா நடிச்ச இசபெல்லா ரோசலினி. படம், டேவிட் லிஞ்ச் எழுதி இயக்கின 'ப்ளூ வெல்வெட்'. 1986 செப்டம்பர்ல அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்துச்சு. ஆனா அதோட முதல் பார்வையாளர்கள், அந்தப் போர்வையில உட்கார்ந்திருந்த குடும்பங்கள்தான்னு நான் நினைக்கிறேன். படம் பார்த்த ஒவ்வொருத்தருக்கும் அப்புறம் அதேதான் நடந்துச்சு. எச்சரிச்சாங்க, உட்கார்ந்தோம், பார்த்தோம், அப்புறம் கோபம் வந்துச்சு. யார் மேல கோபம்ங்கறதுலதான் சண்டையே.

வணக்கம். இந்த வீடியோவுல பாலியல் வன்முறை பத்திப் பேசப்போறேன். கதையோட முடிவையும் சொல்லிடுவேன். மனசு சரியில்லாதவங்க இன்னொரு நாள் பாருங்க. பக்கத்துல குழந்தைங்க இருந்தா ஹெட்ஃபோன் போட்டுக்கங்க.

[திரையில்: நீல வானம், வெள்ளை மர வேலி, சிவப்பு ரோஜா.]

படம் எப்படித் தொடங்குதுன்னு முதல்ல பார்த்துடுவோம். சுத்தமான நீல வானம். வெள்ளை வேலிக்கு முன்னாடி சிவப்பு ரோஜா. ஒரு தீயணைப்பு வண்டி மெதுவா போகுது, அதுல நிக்கறவர் நம்மளைப் பார்த்துக் கை அசைக்கறார். பள்ளிக்கூடப் பிள்ளைங்க பத்திரமா ரோட்டைக் கடக்கறாங்க. பாபி விண்ட்டன் 1963ல பாடின 'ப்ளூ வெல்வெட்' பாட்டு பின்னணியில ஓடுது. வீட்டுக்குள்ள அம்மா டிவி பார்க்கறாங்க, அந்த டிவியில ஒரு கை, கையில துப்பாக்கி. வெளியில அப்பா புல்லுக்குத் தண்ணி விடறார். ரப்பர் குழாய் ஒரு செடியில சிக்கி முறுக்கிக்குது. அவர் இழுக்கறார். திடீர்னு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே விழறார். குழாயில இருந்து பீய்ச்சற தண்ணியை ஒரு நாய் ஆசையா கடிச்சு விளையாடுது, அவர் மேலேயே ஏறி நின்னு. கேமரா அப்படியே புல்லுக்குள்ள இறங்குது. உள்ள இருட்டு. கருப்பு வண்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு புரளுது, காதை அடைக்கற சத்தம்.

ரெண்டே நிமிஷத்துல அமெரிக்க நடுத்தர வர்க்கத்தோட கனவு வீடு முழுசா வந்துடுச்சு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அந்த நாடு தனக்குத்தானே வரைஞ்சுக்கிட்ட படம் இது: தனி வீடு, முன்னாடி புல்வெளி, வேலி. 1947ல நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல லெவிட்டவுன் தொடங்கி, 17,000க்கும் மேல வீடு ஒரே அச்சுல எழும்புச்சு. வெள்ளையர் அல்லாதவங்க குடியிருக்கக் கூடாதுன்னு ஆரம்பகால ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தாங்க. அழகான வேலிக்கு இப்படி ஒரு பக்கமும் உண்டு.

கதை நடக்கற லம்பர்ட்டன், சரியா சொன்னா புறநகர் இல்லை, மரம் வெட்டற ஒரு சின்ன ஊர். அங்க ரேடியோவுல மணி சொல்றதே மரம் விழற சத்தத்தை வச்சுத்தான். ஆனாலும் படம் பார்த்த அமெரிக்கர்கள் "இது எங்க தெரு"ன்னு அடையாளம் கண்டுக்கிட்டாங்க. அதுக்குக் காரணம் அந்தப் புல்வெளி.

கல்லூரியில படிக்கற ஜெஃப்ரி, அப்பா படுத்துட்டதால ஊருக்குத் திரும்பி வரான். ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வீட்டுக்கு வர வழியில, வெத்து நிலத்துல ஒரு காது கிடக்குது. மனுஷக் காது. எறும்பு மொய்ச்சிருக்கு. அதைக் காகிதப் பையில போட்டுத் துப்பறியும் அதிகாரிகிட்ட கொண்டு போறான். அவரோட பொண்ணு சாண்டி, டொரத்தின்னு ஒரு பாடகியோட பேர் இந்த வழக்குல அடிபடுதுன்னு சொல்றா. பூச்சி மருந்து அடிக்கறவன் மாதிரி வேஷம் போட்டு டொரத்தி வீட்டுக்குள்ள போறான் ஜெஃப்ரி. சாவியைத் திருடறான். இன்னொரு நாள் ராத்திரி உள்ள போய் அலமாரியில ஒளிஞ்சுக்கறான்.

மொத்தப் படமும் அந்த அலமாரிக்குள்ள இருக்குன்னே சொல்லலாம். பலகை பலகையா இடைவெளி விட்ட கதவு. அந்த இடுக்கு வழியா அவன் பார்க்கறான், அவன் கண்ணு வழியா நாம பார்க்கறோம். ஃப்ராங்க் பூத்ங்கற ரவுடி உள்ள வரான். டொரத்தியோட கணவரையும் குழந்தையையும் கடத்தி வச்சுக்கிட்டு அவளை மிரட்டிக்கிட்டு இருக்கறவன். முகத்துல மாஸ்க்கை வச்சு ஏதோ வாயுவை இழுத்துட்டு, ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி அழறான், அடுத்த நிமிஷம் அடிக்கறான். அங்க நடக்கற கொடுமையை நான் இங்க விவரிக்கப் போறதில்லை.

டென்னிஸ் ஹாப்பர், "ஃப்ராங்க்கா நான்தான் நடிக்கணும், ஏன்னா நான்தான் ஃப்ராங்க்"னு லிஞ்ச்கிட்ட சொல்லித்தான் அந்த வேஷத்தை வாங்கினார். அந்த வாயு ஹீலியமா இருக்கணும்னுதான் லிஞ்ச் யோசிச்சு வச்சிருந்தார். ஹீலியத்தை இழுத்தா குரல் கீச்சுன்னு மாறிடும், அது வேண்டாம்னு மாத்தச் சொன்னதும் ஹாப்பர்தான். அந்தக் குரல் மாறியிருந்தா ஜனங்க சிரிச்சிருப்பாங்க, சிரிச்சிருந்தா தப்பிச்சிருப்பாங்க.

அலமாரிக்குள்ள இருக்கற ஜெஃப்ரி வெளியே வந்து தடுக்கலை. நாமளும் தியேட்டரை விட்டு எழுந்து போகலை. அதுக்கு முன்னாடியே சாண்டி அவன்கிட்ட கேட்டிருப்பா: "நீ துப்பறியறவனா, வக்கிரம் பிடிச்சவனான்னு எனக்குத் தெரியலை." பின்னாடி ஃப்ராங்க் அவன் முகத்துக்கு நேரா சொல்றான்: "நீயும் என்னை மாதிரிதான்." ஜெஃப்ரியும் ஒரு கட்டத்துல டொரத்தியை அடிக்கறான், அப்புறம் வீட்டுல தனியா உட்கார்ந்து அழறான். "அமெரிக்கப் புறநகரோட போலி முகத்தைக் கிழிச்ச படம்"னு எல்லாரும் எழுதறாங்க. எனக்கு அது பத்தாது. கெட்டவன் ஊருக்கு வெளியில இருந்தான்னா நமக்கு நிம்மதி. வேலிக்குள்ள இருந்தான்னாகூடப் பரவாயில்லை. படத்தைப் பார்க்கற கண்ணுக்குள்ள இருக்கான்னு சொன்னா, அங்கதான் ஜனங்களுக்குப் பொறுக்கலை.

[திரையில்: 1986, ஒரு தியேட்டர் வாசல் வரிசை.]

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குல போட்ட முன்னோட்டக் காட்சியிலயே அடி. பார்த்தவங்க வெறுத்தாங்க. தயாரிப்பாளர் டினோ டி லாரெண்டிஸ் நினைச்சிருந்தா வெட்டச் சொல்லியிருக்கலாம். லிஞ்ச்சும் அவரும் சேர்ந்து பண்ணின 'டியூன்' படம் 1984ல படுத்துடுச்சு. இந்தப் படத்துக்குச் சம்பளத்தையும் பட்ஜெட்டையும் குறைச்சுக்கிட்டு, படத்தோட கடைசி எடிட்டிங் முடிவு என் கையிலன்னு லிஞ்ச் வாங்கி வச்சிருந்தார். சுமார் 60 லட்சம் டாலர் படம். டி லாரெண்டிஸ் அந்த வாக்கைக் காப்பாத்தினார். படம் அப்படியே வெளியாச்சு.

பாதியில எழுந்து போனவங்க இருந்தாங்க. திரும்பத் திரும்ப வந்தவங்களும் இருந்தாங்க. விமர்சகர் பாலின் கேல், 'நியூ யார்க்கர்' பத்திரிகையில எழுதின கட்டுரையில, படம் முடிஞ்சப்புறம் காதுல விழுந்த ஒரு பேச்சைச் சொல்லியிருந்தாங்க: "எனக்கு மூளை கெட்டுப்போச்சோ என்னவோ, ஆனா இதை இன்னொரு தடவை பார்க்கணும்." பேர் தெரியாத அந்தப் பார்வையாளரோட வரி எனக்கு எந்த விமர்சனத்தை விடவும் நேர்மையா படுது. தன் மேல சந்தேகப்பட்டுக்கிட்டே திரும்ப வரேன்னு சொல்றாரே!

எதிர்ப்பக்கம் விமர்சகர் ரோஜர் ஈபர்ட். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். டிவி நிகழ்ச்சியில அவரோட ஜோடியா பேசற ஜீன் சிஸ்கல் படத்துக்குப் பரிஞ்சு நின்னார், ரெண்டு பேரும் மோதிக்கிட்டாங்க. ஈபர்ட்டோட வாதத்தைக் கொச்சைப்படுத்தக் கூடாது. அவர் ஒழுக்கத்தைக் காப்பாத்த வந்தவர் இல்லை. காட்சிகள் பலமா இருக்குன்னு ஒத்துக்கறார். அவரோட கோபம் இதுதான்: ஒரு நடிகையை அடிச்சு, அவமானப்படுத்தி, துணியில்லாம நிக்க வைக்கறீங்கன்னா, அதுக்கு ஈடான ஒரு முக்கியமான படத்துல அவங்களை வைக்கணும். நீங்க அடுத்த காட்சியிலயே சின்ன ஊரைக் கிண்டல் பண்ணப் போயிடறீங்களே? இது நியாயமான கேள்வி. இன்னைக்கும் பல பேருக்கு இந்தப் படத்தோட ஒட்டாம போறதுக்கு இதுதான் காரணம்.

இப்ப அந்தப் புல்வெளிக் காட்சிக்கு வருவோம். படத்துல அது எப்படி வருதுன்னு கவனிங்க. சாண்டியோட பழைய காதலன் மைக், ஜெஃப்ரியை அடிக்க ஆள் சேர்த்துக்கிட்டு வந்திருக்கான். வழக்கமான இளவட்டப் பையன்கள் தகராறு. அப்ப டொரத்தி இருட்டுல இருந்து வரா. மைக் முதல்ல கேக்கறான்: "யாரு அது, உங்கம்மாவா?" தியேட்டர்ல சிரிப்பு வர இடம். அடுத்த நொடி அவ நெருங்கி வரா, காயம் தெரியுது, சிரிச்சவங்க வாயடைச்சுப் போறாங்க. மைக்கே மன்னிப்புக் கேட்டுட்டு விலகறான். அந்தச் சிரிப்பை வரவழைச்சதும் லிஞ்ச்தான், தொண்டையிலயே நிறுத்தினதும் லிஞ்ச்தான். ஈபர்ட் இதைக் கிண்டல்னு பார்த்தார். நான் பார்க்கறது வேற. தெருவுல ஒரு பெண் அப்படி வந்து நின்னா ஒரு சராசரி ஆம்பளை முதல்ல என்ன பண்ணுவான்ங்கறதை அந்தக் காட்சி மறைக்கலை.

இது லிஞ்ச் கற்பனையில தோண்டி எடுத்ததும் இல்லை. ஐடஹோ மாநிலத்துல பாய்சி நகரத்துல சின்னப் பையனா இருந்தப்போ, ஒரு ராத்திரி தம்பியோட வெளியில இருந்தார். தெருவுல ஒரு பெண் துணியில்லாம நடந்து வந்தாங்க. ஏதோ பெரிய தப்பு நடந்திருக்குன்னு மட்டும் புரிஞ்சுது, என்ன பண்றதுன்னு தெரியலை, தம்பி அழுதுட்டான்னு சொல்லியிருக்கார். ஒரு பையனால அன்னைக்கு உதவ முடியலை. அது கிண்டல் பண்றவனோட நினைவு மாதிரி எனக்குத் தெரியலை.

சரி, இவ்வளவு சண்டையில ரோசலினி என்ன சொன்னாங்க? இங்கதான் எனக்கு உண்மையிலயே கோபம் வருது. நடிகை இன்கிரிட் பெர்க்மனோட மகள், இயக்குநர் ரொபெர்ட்டோ ரோசலினியோட மகள், லான்கோம் அழகுசாதன விளம்பரத்தோட முகம், இப்படி ஆயிட்டாங்களேன்னு உலகமே பேசுச்சு. ரோமில அவங்க படிச்ச பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள், "உனக்காக ஜெபம் பண்றோம்"னு சொல்லி ஃபோன் பண்ணினாங்களாம். அவங்களைக் காப்பாத்தணும்னு எல்லாருக்கும் தோணுச்சு. அவங்க வேலையைப் பத்தி அவங்ககிட்ட கேக்கணும்னு எத்தனை பேருக்குத் தோணுச்சு?

2024ல ஒரு பேட்டியில அவங்களே பதில் சொன்னாங்க. நான் முப்பது வயசு தாண்டினவ, அந்தப் பாத்திரத்தை நான் தேர்ந்தெடுத்தேன்னு. கதையைப் படிச்சதும் கஷ்டமான காட்சிகளை ஜெஃப்ரியா நடிச்ச கைல் மெக்லாக்லனோட ஒத்திகை பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்னு சொன்னதும் அவங்கதான். கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணோட சித்திரமாத்தான் டொரத்தியைப் புரிஞ்சுக்கிட்டாங்க. புல்வெளியில கையை அப்படி விரிச்சு வச்சது, 1972ல வியட்நாம்ல குண்டு வீச்சுல உடம்பு வெந்து ஓடி வந்த சிறுமியோட புகைப்படத்தை மனசுல வச்சு. பார்க்கறவங்களுக்கு ஆசை வரக் கூடாது, கசாப்புக் கடையில தொங்கற இறைச்சி மாதிரி இருக்கணும்னு யோசிச்சுப் பண்ணினாங்க. அதை ஈபர்ட் பார்க்கலை. ரசிச்சவங்கள்லயும் பாதிப் பேர் பார்க்கலை, எல்லாப் பெருமையையும் லிஞ்ச்சுக்கே எழுதிட்டாங்க.

இன்னொரு பார்வையாளரைச் சொல்லாம விட முடியாது. பாடகர் ராய் ஆர்பிசன். அவரோட 1963 பாட்டு 'இன் ட்ரீம்ஸ்'. படத்துல ஃப்ராங்க்கோட கூட்டாளி பென், வெள்ளைப் பவுடர் பூசின முகத்தோட, மெக்கானிக் வச்சிருக்கற கைவிளக்கை மைக் மாதிரி பிடிச்சு அதுக்கு வாயசைப்பான். ஆர்பிசன் முதல்ல பார்த்தப்போ ஆடிப் போயிட்டார், என் பாட்டை என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு. பின்னாடி மறுபடியும் பார்த்தார், மனசு மாறுச்சு. 1987ல அந்தப் பாட்டைத் திரும்பப் பதிவு பண்ணினார்.

அங்கீகாரம் வராமலும் இல்லை. அமெரிக்க தேசிய திரைப்பட விமர்சகர் சங்கம் அந்த வருஷத்தோட சிறந்த படம்னு இதைத் தேர்ந்தெடுத்துச்சு. லிஞ்ச்சுக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைச்சுது. 2025 ஜனவரியில அவர் இறந்தப்போ நிறைய பேர் முதல்ல திரும்பப் போட்டுப் பார்த்தது இதைத்தான்.

[திரையில்: சமையலறை ஜன்னல் விளிம்புல ஒரு குருவி.]

கடைசியில ஒரு ராபின் குருவி வருது. உலகத்துல அன்பு திரும்ப வரப்போ ராபின்கள் வரும்னு சாண்டி கனவு கண்டிருப்பா. வந்து உட்கார்ந்திருக்கற குருவி பொம்மைன்னு பார்த்ததுமே தெரியும். அதோட அலகுல, முதல் காட்சியில புல்லுக்கடியில புரண்ட அதே மாதிரி வண்டு. இது நல்ல முடிவா, கேலியான்னு இன்னைக்கும் அடிச்சுக்கறாங்க.

ஆனா படம் குருவியோட முடியலை. அதுக்கப்புறம் ஒரு பூங்கா. டொரத்தியோட பையன் ஓடி வரான், அவ வாரி அணைச்சுக்கறா, சிரிக்கறா. பாட்டு அவ குரல்லயே வருது, கண்ணீருக்கு நடுவுல நீல வெல்வெட் இன்னும் தெரியுதுன்னு. அந்த வரி வரும்போது அவ முகத்துல சிரிப்பு மெதுவா இறங்குது. அடுத்த தடவை பார்க்கும்போது குருவியை விட்டுட்டு அந்த முகத்தைப் பாருங்க. பையனை இறுக்கிப் பிடிச்சிருக்கற கையையும் பாருங்க.