தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுக்கும் முன்

(மன்னார்குடியில் இளம் மருத்துவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கொஞ்சம் சந்தேகம் வந்தால் போதும், "தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோங்க" என்று அங்கே உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுகிறோம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் 100 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். சீட்டு எழுத நமக்கு ஒரு நிமிடம். அந்தக் குடும்பத்துக்கோ திரும்பி வர வாடகைக் கார், அதற்குக் கடன், அறுப்பு நேரத்தில் இரண்டு பேர் கூலி, ராத்திரி முழுக்க வராந்தாவில் காத்துக் கிடப்பு. அங்கே மூச்சுக்குத் தவிக்கிறவரைப் பார்க்க வேண்டிய டாக்டரின் நேரமும் இதில் போகிறது. அதனால் பேனாவை எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே இல்லாத எது அங்கே கிடைக்கப்போகிறது? அது இன்றைக்கே வேண்டுமா?

எழுபது வயது அம்மா வருகிறார். பிரஷர் 190/110. நெஞ்சுவலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, பார்வை மங்கவில்லை, கை கால் இழுக்கவில்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது. மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆச்சு என்கிறார். இவருக்கு எதற்கு அவசரச் சிகிச்சைப் பிரிவு? உட்கார வைத்து, அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். விட்ட மாத்திரையைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் வரச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை வைப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பிரஷர் சடாரென்று இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையும். வராத பக்கவாதத்தை நாமே வரவழைத்ததாகிவிடும். கர்ப்பிணி என்றால் மட்டும் கணக்கே வேறு. 160/110 தொட்டாலே அவசரம்தான், மருந்தைத் தொடங்கி உடனே அனுப்ப வேண்டும்.

இனி பாம்புக்கடி. வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊரில் இதைப் பேசாமல் முடியாது. கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் வலியும் இருக்கும், பார்த்ததும் தெரியும். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். இமை கீழே இறங்குகிறதா என்று பாருங்கள், எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்; இமை இறங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ அது விஷ அறிகுறி. கண்ணாடி விரியன் கடி என்று சந்தேகமா? சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வையுங்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். விஷ அறிகுறி தெரிந்தால் விஷமுறிவு மருந்து 10 குப்பியை அங்கேயே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஏற்றத் தொடங்குங்கள். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம் 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்தே போடாமல் வண்டியில் ஏற்றினால் அந்தப் பயணம் முழுக்க விஷம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

மாரடைப்புக்கும் இதுவே. ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்த பிறகு அனுப்புங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் இவை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே வந்துவிட்டன. பக்கவாதம் மட்டும் நேர் எதிர். அங்கே ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூளையில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்கும் முதலில் சிடி ஸ்கேன் வேண்டும். ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில் இறக்கி ஏற்றாமல் நேரே அனுப்புங்கள். ஸ்கேன் பார்க்கும்வரை ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவாகவும் இருக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். முற்றிய புற்றுநோயோடு படுத்திருக்கும் தாத்தா. வலி, மலச்சிக்கல், அடைத்துப்போன சிறுநீர்க் குழாய். அவரை ஏன் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் அலைக்கழிக்கிறோம்? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிநிவாரணச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். குழாய் மாற்றுவதும் வலி மருந்தைச் சரிசெய்வதும் அவர் வீட்டுக் கட்டிலிலேயே நடக்கும். அந்தச் செவிலியரின் எண் உங்கள் மேசையில் இருக்கிறதா?

"ஏதாவது ஆகிவிட்டால் உறவுக்காரர்கள் என் மேல்தானே பாய்வார்கள்?" என்று உங்களில் பலர் நினைப்பது புரிகிறது. நியாயமான பயம்தான். அதற்கு மருந்து, உட்கார வைத்துப் பேசுவது. என்ன பார்த்தோம், ஏன் அனுப்பவில்லை, எந்த அறிகுறி தெரிந்தால் நடுராத்திரியானாலும் வரவேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், சீட்டிலும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அனுப்பத்தான் வேண்டுமென்றால், வண்டி கிளம்பும்போதே அங்கே பணியில் இருக்கும் டாக்டரைப் போனில் கூப்பிடுங்கள். கடிதத்தில் 'மேல்சிகிச்சைக்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். கடித்த நேரம், எத்தனை குப்பி ஏற்றினோம், எத்தனை மணிக்குத் தொடங்கினோம், இமை எப்போது இறங்கியது, இதையெல்லாம் எழுதுங்கள். கூட வருகிற மகனுக்கு இதில் எதுவும் சொல்லத் தெரியாது.